சாவடியும் ஆலமரத்தடியும்

கடலூரிலிருந்து விருத்தாசலத்துக்குப் போகிற சாலையில், குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் வருகிறது எங்கள் ஊர், குள்ளஞ்சாவடி. நெய்வேலிக்குப் போகிறவர்கள் பஸ் ஜன்னல் வழியாக முந்திரித் தோப்பையும் செம்மண்ணையும் பார்த்துவிட்டு, பெயர்ப் பலகையைப் படித்து ஒரு முறை சிரித்துக்கொள்வார்கள். குள்ளன் யார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்காமல் இருந்ததில்லை. ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. என் பாட்டியிடமும் ஒன்று இருந்தது.

எனக்குக் குள்ளனைவிடச் சாவடியின் மேல்தான் அக்கறை. சாவடி என்றால் வழிப்போக்கன் தங்குகிற இடம். ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்குப் பேசுகிற இடமும் பல ஊர்களில் அதுவாகவே இருந்தது. அதற்குக் கதவு கிடையாது. உள்ளே வருகிறவனை நீ யார், என்ன படித்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இரவு தங்கியவன் எறிந்துவிட்டுப் போன எச்சில் இலையைக் காலையில் எடுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார், அவனுக்குக் கூலி யார் கொடுப்பது, அவனே ஒரு நாள் திண்ணையை அடைத்துக்கொண்டு இது என்னுடையது என்றால் என்ன செய்வது என்பவைதான் எல்லாச் சாவடிகளின் பிரச்சினையும்.

தமிழ் விக்கிப்பீடியாவைப் பற்றி எழுத வந்தவன் சாவடியைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். அந்தக் கட்டற்ற கலைக்களஞ்சியத்தில் பொது விஷயங்களைப் பேசி முடிவு செய்கிற பக்கத்துக்கு ஆலமரத்தடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மற்ற மொழிக்காரர்கள் தங்கள் ஊர் வழக்கப்படி கிணற்றடி, காப்பிக் கடை என்றெல்லாம் வைத்துக்கொண்டபோது நம்மவர்கள் ஆலமரத்தைத் தேர்ந்துகொண்டார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆலமரத்தடிப் பஞ்சாயத்து என்றால் நாட்டாண்மை ஒருவர் இருப்பார். இங்கே நாட்டாண்மை இல்லை. அதுதான் என்னை அங்கே இழுத்தது.

நான் கல்லூரியில் பட்டம் வாங்கியவன் அல்ல. எனக்குத் தெரிந்த பொது விஷயங்களில் பாதி, நூலகத்தில் தூசி தட்டிப் படித்த கலைக்களஞ்சியத் தொகுதிகளிலிருந்து வந்தவை. தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த அந்தப் பத்துத் தொகுதிகளை அவினாசிலிங்கம் செட்டியார் முன்னின்று நடத்த, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கினார். முதல் தொகுதி 1954ல் வந்தது, பத்தாவது 1968ல். அதற்கும் முன்னால், 1910ல், சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி. அது ஏறக்குறைய ஒரே மனிதரின் வாழ்நாள் வேலை. இவற்றுக்கெல்லாம் வாசல் உண்டு, வாசலில் ஆள் உண்டு. உள்ளே இருப்பவர்கள் எழுதினார்கள், வெளியே இருந்த நாம் படித்தோம். ஒரு பிழை கண்ணில் பட்டால் பென்சிலால் ஓரத்தில் குறித்துவைக்கலாம், அவ்வளவுதான்.

விக்கி என்ற சொல்லுக்கு ஹவாய் மொழியில் சுருக்காக என்று பொருள். வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்கர் 1995ல் யாரும் திருத்தக்கூடிய பக்கங்களை அமைத்து அந்தப் பெயரை வைத்தார். ஜிம்மி வேல்சும் லாரி சாங்கரும் முதலில் நுபீடியா என்று ஒன்றை, பண்டிதர்கள் ஏழு படிகளில் சரிபார்க்கிற கலைக்களஞ்சியமாகத் தொடங்கினார்கள். மூன்று ஆண்டுகளில் அது இருபத்துச் சொச்சம் கட்டுரைகளோடு மூச்சு விட்டது. அதற்குப் பக்கவாட்டுத் திண்ணையாக 2001 ஜனவரியில் திறந்துவைத்த விக்கிப்பீடியாதான் வீட்டையே விழுங்கிவிட்டது. தமிழில் அது 2003ல் வந்தது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் யாழ்ப்பாணத்துக்காரரான இ. மயூரநாதன், ஐக்கிய அரபு நாட்டில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்துக்கொண்டு, இரவில் உட்கார்ந்து தளத்தைத் தமிழாக்கிக் கட்டுரைகளையும் எழுதத் தொடங்கினார். பிறகு சுந்தர், ரவிசங்கர், கனடாவிலிருந்து பேராசிரியர் செல்வகுமார் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மயூரநாதனுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கொடுத்தது. அதற்கு முன்னால் அவர் பெயர் தெரிந்த தமிழ் எழுத்தாளர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இவையெல்லாம் புகழ்ச்சி. நான் விமரிசனம் எழுத வந்தவன்.

முதலில் நடை. நாவல் எழுதுகிறவன் எதைப் படித்தாலும் குரலைத்தான் தேடுவான். இந்தக் கலைக்களஞ்சியத்தில் முக்கால்வாசிக் கட்டுரைகள் 'என்பது' என்று தொடங்கி 'ஆகும்' என்று முடிகின்றன. வாழை என்பது ஒரு தாவரம் ஆகும், வயலின் என்பது ஓர் இசைக்கருவி ஆகும் என்ற பாணி. நடுநிலை என்றால் உயிரில்லாமல் எழுதுவது என்று எப்படியோ ஓர் எண்ணம் படிந்துவிட்டது. தூரன் காலத்துத் தொகுதிகளில் சில அறிவியல் கட்டுரைகளை இன்றைக்கும் ஒரு மூச்சில் படிக்கலாம். எழுதியவருக்கு விஷயம் தெரியும், எதிரே இருக்கிற வாசகன் யார் என்றும் தெரியும். இங்கே ஒரு பத்தியை ஐந்து பேர் தொட்டிருப்பதால், யாருக்கும் வலிக்காத சொற்கள் மட்டுமே மிஞ்சுகின்றன. கூட்டாக எழுதுவதன் விலை இது. ஆனால் இவ்வளவு விலை கொடுக்கவேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் ஒரு ரகசியம் சொல்கிறேன். கட்டுரையை விட்டுவிட்டு, அதன் தலைக்கு மேலே இருக்கிற உரையாடல் பக்கத்தையும் வரலாற்றுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். அங்கே குரல்கள் இருக்கின்றன. ஒரு காற்புள்ளியை மாற்றியவர் பெயர்கூட நாள், மணி, நிமிஷத்தோடு நிற்கிறது. கோபம், கிண்டல், சமாதானம், மன்னிப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. தமிழ்நாட்டில் எந்தச் சங்கத்தின் சண்டை இப்படி எல்லோரும் படிக்கத் திறந்து கிடக்கிறது? நம் சபைகளும் கழகங்களும் உடைந்த கதைகளை நாம் மூன்றாவது மனிதர் வாயால்தான் கேட்டிருக்கிறோம்.

அந்தச் சண்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தது எழுத்துச் சண்டை. ஜ, ஸ, ஷ, ஹ வரலாமா கூடாதா என்று பல ஆண்டுகள் பேசியிருக்கிறார்கள். அதோடு கடல் வேறு குறுக்கே கிடக்கிறது. தமிழகத்துப் பிள்ளை ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்று படிக்கிறது. இலங்கைப் பிள்ளை ஒட்சிசன், ஐதரசன் என்று படிக்கிறது. கட்டுரைக்கு ஒரே தலைப்புத்தான் வைக்க முடியும். ஐதரசன் என்ற தலைப்பு நிற்கிறது. ஆனால் ஹைட்ரஜன் என்று தேடுகிறவனும் அதே பக்கத்துக்கு வந்து சேரும்படி ஒரு வழிமாற்று வைத்திருக்கிறார்கள். சிறிய தந்திரம்தான். தோற்றவன் பெயருக்கும் ஒரு கதவு விட்டுவைத்த தீர்ப்பு அது. நம் அரசியலில் அப்படி ஒரு தீர்ப்பை நான் அதிகம் பார்த்ததில்லை.

தலைப்பை ஜெயித்தவர்களிடம் எனக்குத் தாவாவும் உண்டு. தூய தமிழ் ஆர்வம் சில சமயம் வாசகனை மறந்துவிடுகிறது. ஊரில் எவனும் சொல்லாத ஒரு சொல்லைத் தலைப்பில் வைத்துவிட்டு, படிக்க ஆளில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. இதைப் பல எழுத்தாளர்கள் சொல்லிவிட்டார்கள். 2022ல் ஜெயமோகன் முன்னின்று, ஆசிரியர் குழு பார்த்து வெளியிடுகிற தமிழ் விக்கி என்ற தனிக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியதற்கு இத்தகைய மனக்குறைகளும் ஒரு காரணம். அதில் இலக்கியம் பற்றிய பதிவுகளை நானே அடிக்கடி பார்க்கிறேன். ஆசிரியர் இருக்கிற வீட்டில் ஒழுங்கு இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது வீடு. வீடு வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? சாவடியும் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சாவடியை ஆளுவது எப்படி என்பதற்கு வருகிறேன். நிர்வாகிகள் என்று சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்தை நீக்கவும், பூட்டவும், தொல்லை செய்கிறவரைத் தடுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இல்லை. சம்பளம் கிடையாது. கருத்து வேற்றுமை வந்தால் தலையை எண்ணுவதில்லை, பேசி இணக்கத்துக்கு வரவேண்டும். எதிராளி நல்ல எண்ணத்தோடுதான் செய்தார் என்று எடுத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கவேண்டும் என்று ஒரு விதி. தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளக்கூடாது என்று இன்னொரு விதி. இந்த இரண்டாவது விதியால் நம் எழுத்தாளர்கள் பலருக்கு அந்த இடம் பிடிக்காமல் போயிற்று என்று நான் சந்தேகிக்கிறேன்.

கேட்க அழகாக இருக்கிறது. நடப்பில், பேசிப் பேசி இணக்கம் என்றால், களைத்துப் போனவன் எழுந்து போய்விடுவான், கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தவன் சொன்னது இணக்கமாகிவிடும். நேரம் உள்ளவன் ஆட்சி அது. சமையலறையில் நிற்கிறவளுக்கு ஏது நேரம்? உலகம் முழுவதும் விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்களில் பெண்கள் மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆள் குறைந்தால் இன்னும் ஆபத்து. குரோவாசிய மொழி விக்கிப்பீடியாவில் சில நிர்வாகிகள் ஒரு கூட்டாகச் சேர்ந்துகொண்டு, எதிர்த்தவர்களைத் தடை செய்து, பாசிச ஆட்சியின் சரித்திரத்தைத் தங்களுக்குப் பிடித்தபடி பல ஆண்டுகள் திருத்தி வைத்திருந்தார்கள். 2013ல் அந்த நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்கள் அதைப் பார்க்கவேண்டாம் என்று சொல்லும்படி ஆயிற்று. விடிவு 2020க்குப் பிறகுதான் வந்தது. ஸ்காட்ஸ் மொழியிலோ வில்லன்கூட இல்லை. அமெரிக்காவில் இருந்த ஒரு சிறுவன், அந்த மொழி தெரியாமலேயே, ஆங்கிலச் சொற்களை அகராதி பார்த்து மாற்றிப் போட்டு ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிவைத்திருந்தான். 2020 வரைக்கும் தட்டிக்கேட்க யாரும் இல்லை. திண்ணையில் ஆளில்லாதபோது வந்து உட்கார்ந்தவன் வைத்ததுதான் சட்டம். அவன் கெட்டவனாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை.

தமிழுக்கும் ஒரு சோதனை வந்தது. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம், கூலி கொடுத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் ஏற்றத் தொடங்கியது. திடீரென்று நீண்ட நீண்ட கட்டுரைகள் வந்து குவிந்தன. அமெரிக்கப் பாட்டுக்காரர்கள், நடிகர்கள், மருந்துகள் என்று எதையெதையோ பற்றி, வாய்விட்டுப் படித்தால் நாக்குச் சுளுக்கிக்கொள்ளும் தமிழில். எழுதியவருக்குச் செய்தி அனுப்பினால் பதில் இல்லை. கூலிக்கு மொழிபெயர்த்தவருக்கு அந்தக் கட்டுரையோடு உறவு முடிந்துவிட்டது. வங்காளத்தார் இது வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள். நம்மவர்கள் என்ன செய்தார்கள்? நிறுவனத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். எந்தத் தலைப்பு வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார்கள், பிழைகளை எடுத்துக் காட்டினார்கள். 2010ல் போலந்தின் கதான்ஸ்க் நகரத்தில் நடந்த உலக மாநாட்டில் ரவிசங்கர் இதை விரித்துப் பேசினார். கொஞ்சம் சீர்பட்டது, பிறகு திட்டமே நின்றது. வந்து விழுந்த கட்டுரைகளைத் துப்புரவு செய்கிற வேலை மட்டும் நிற்கவில்லை. உலகின் பெரிய நிறுவனம் ஒன்றோடு, சம்பளமில்லாத சில பேர், தங்கள் மொழியின் கௌரவத்துக்காகப் பேரம் பேசிய கதை இது. ஒரு நாவலுக்கு ஆகும். நாங்கள் யாரும் எழுதவில்லை.

ஆனால் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, எண்ணிக்கை மோகம் வெளியிலிருந்து மட்டும் வந்தது என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. 2017 மே மாதத்தில் லட்சமாவது கட்டுரை வந்தபோது கொண்டாடினார்கள். கொண்டாடவேண்டியதுதான். இப்போது ஒன்றரை லட்சமும் தாண்டிவிட்டது. போட்டிகள் வைக்கிறார்கள், பரிசு கொடுக்கிறார்கள், ஆளுக்கு இத்தனை கட்டுரை என்று கணக்குப் பார்க்கிறார்கள். பிலிப்பைன்சின் செபுவானோ மொழியில் ஓர் எந்திரநிரல் தானாகவே லட்சக்கணக்கான கட்டுரைகளை எழுதி, எண்ணிக்கையில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடத்தைப் பிடித்துக்கொடுத்தது. அதனால் அந்த மொழிக்காரன் எவனாவது ஒரு வரி அதிகம் படித்தானா?

என் அக்காள் மகன் ஒருவன் இந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான். நெய்வேலியில் வேலைக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு, அண்மைய மாற்றங்கள் என்ற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவான். யாரோ ஒருவன் எங்கேயோ ஒரு முதலமைச்சரின் பெயரை அழித்துவிட்டுத் தன் சிநேகிதன் பெயரை எழுதியிருப்பான். இவன் அதைப் பழையபடி ஆக்குவான். ஒரு நிமிஷத்தில் இன்னொன்று. இந்த வேலையைத் தினமும் செய்கிற தமிழர் எல்லோரையும் ஒரு கல்யாணப் பந்தியில் ஒரே வரிசையில் உட்காரவைத்துவிடலாம் என்று சிரிப்பான்.

ஒரு நாள் அவனிடம் எங்கள் பக்கத்து ஊராட்சிகளின் பக்கங்களைக் காட்டச் சொன்னேன். இத்தகைய பக்கங்களை ஆயிரக்கணக்கில், அரசின் புள்ளிவிவரத்தை வைத்து, ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள். குடிநீர் இணைப்பு எத்தனை, கைக்குழாய் எத்தனை, மேல்நிலைத் தொட்டி எத்தனை, சுடுகாடு எத்தனை. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "ஏண்டா, ஊர் என்றால் குழாயும் சுடுகாடும்தானா?" என்று கேட்டேன்.

"நீங்க எழுதுங்க மாமா. யாரு வேணாம்னா?" என்றான்.

உற்சாகமாகப் பாட்டி சொன்ன குள்ளன் கதையை நாலு வரியில் எழுதிக் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு, "நல்லா இருக்கு மாமா. சான்று இருக்கா?" என்றான்.

"என் பாட்டி சொன்னாள்."

"பாட்டி எந்தப் புஸ்தகத்துல சொன்னாங்க?"

கோபம் வந்தது எனக்கு. நெய்வேலியைப் பற்றி எழுதுகிறவன் என்ன எழுதுவான்? 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது, 1956ல் நிறுவனம் பதிவாயிற்று, அடுத்த ஆண்டு சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்தார் என்று எழுதுவான். எல்லாவற்றுக்கும் சான்று உண்டு. அந்தச் சுரங்கம் இருக்கிற இடத்தில் முன்பு இருந்த ஊர்களின் தெருவுக்கு, ஏரிக்கு, அம்மன் கோயிலுக்கு என்ன சான்று? மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். தன் ஊரின் ஒவ்வொரு வீட்டையும் வரிசையாகச் சொல்லுவார், எந்த வீட்டு வாசலில் எந்த மரம் என்பது உள்பட. இப்போது அங்கே வீடும் இல்லை, மரமும் இல்லை, தரையே இல்லை. சர்க்கார் எண்ணியதை மட்டுமே அறிவு என்று ஒப்புக்கொண்டால், சர்க்கார் காணாமல் அடித்ததை இரண்டாம் தடவையும் காணாமல் அடித்ததாக ஆகாதா?

அவன் பதில் சொல்லவில்லை. ஒரு சாதியைப் பற்றிய கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து காட்டினான். எது என்று சொல்லப்போவதில்லை. எதைத் திறந்தாலும் கதை அதேதான். எங்கள் முன்னோர் அரசாண்டார்கள் என்று ஒருவன் எழுதுகிறான். இன்னொருவன் வந்து அழித்து, ஆண்டது நாங்கள் என்கிறான். ஒருவன் மற்றவன் குலத்தை இழித்து ஒரு வரி போடுகிறான். பெயரில்லாத ஆட்கள் நடுராத்திரியில் வருகிறார்கள். நிர்வாகி ஒருவர் பக்கத்தைப் பூட்டுகிறார். இரண்டு வாரம் கழித்துப் பூட்டைத் திறந்தால் மறுபடியும் அதே.

"இவங்க எல்லாரும் எங்க பாட்டி சொன்னாங்கன்னுதான் மாமா சொல்றாங்க" என்றான் பையன்.

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. என் பாட்டியை வாசலில் நிறுத்திய அதே விதிதான் அவர்களையும் நிறுத்தியிருக்கிறது. இவளுக்கு மட்டும் திறந்துவிடு என்று கேட்க எனக்கு என்ன உரிமை? அவள் நல்லவள் என்பதற்கு நான் ஒருவன்தான் சாட்சி.

ஆனாலும் அந்தப் பெரியவர் மனசை விட்டுப் போகவில்லை. அவர் நினைவுக்குச் சான்று இல்லை என்றால் குற்றம் விக்கிப்பீடியாவின் மேல் இல்லை. சான்றை உண்டாக்கவேண்டியவர்கள் அதை உண்டாக்கவில்லை. காலியான ஊர்களைப் பற்றி ஒரு சிறிய புத்தகம் எழுத இந்தப் பக்கத்தில் எத்தனையோ வாத்தியார்கள் இருந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் இருந்தார்கள், நானும் இருபது வருஷமாகக் கதை எழுதிக்கொண்டு இருந்தேன். கலைக்களஞ்சியம் கண்ணாடி மாதிரி. நாம் எழுதிவைத்த சரக்கு எவ்வளவோ அவ்வளவுதான் அதில் தெரியும்.

போன வாரம் பையன் ஒரு யோசனை சொன்னான். "மாமா, நீங்க குள்ளன் கதைய ஒரு பத்திரிகையில எழுதிட்டா, அதையே நான் சான்றா காட்டிடலாம்." பத்திரிகைகள் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து எழுத, விக்கிப்பீடியாவில் அந்தப் பத்திரிகையையே சான்றாகக் காட்டுகிற வேடிக்கையெல்லாம் உலகத்தில் நடந்திருக்கிறது என்றும் சொல்லிச் சிரித்தான்.

யோசித்துப் பார்த்தேன். பாட்டி அந்தக் கதையை என் பத்து வயதில் ஒரு விதமாகச் சொன்னாள். என் முதல் நாவலில் அதை நான் வேறு விதமாக மாற்றிப் போட்டேன். இப்போது நினைத்துப் பார்க்கையில் எது அவள் சொன்னது, எது நான் சேர்த்தது என்று பிரிக்க முடியவில்லை. அச்சில் வந்துவிட்டால் அவனுக்குச் சான்று ஆகிவிடும். ஆகவே இந்தக் கட்டுரையில் குள்ளனைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

பெரியவர் விஷயம் வேறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் மந்தாரக்குப்பம் போகிறோம். அவன் செல்போனில் ஒலிப்பதிவு செய்வான், நான் வீடுகளை வரிசையாக எழுதிக்கொள்வேன். பெரியவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மத்தியானத்துக்குமேல் கண் சரியாகத் தெரியாது, காலையிலேயே வந்துவிடுங்கள் என்று பதில் வந்திருக்கிறது.